இடது சக்கரத்து எலுமிச்சை

ஜூன் 9, திங்கள்

படகு டிரெய்லரின் இடது டயர் மறுபடியும் போயிற்று. வெளிப்பக்கம் புதுசு போல இருக்கிறது, உள்பக்கம் மட்டும் கம்பி தெரிகிறது. திருப்பதியிலிருந்து பலமனேர் பக்கத்து ஏரிக்கு ஜீப்பில் படகை இழுத்துக்கொண்டு போய்வருவது என் வேலை. ஆகவே குற்றவாளியும் நானே.

ஓனர் பவன்குமார் கேட்டார்: "ஏமய்யா ஆசிரு, டயரை ரோடு துன்னுதா, நீ துன்றியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரித்துக்கொண்டேதான், அடுத்த மாதத்திலிருந்து தன் மச்சான் கிரண்குமார் ஓட்டட்டும் என்றும் சொன்னார். கிரணுக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வராது. போன தடவை படகை ஏரிக்குப் பதில் டீக்கடைக்குள் இறக்கப் பார்த்தான்.

ஜூன் 11, புதன்

காற்று சரி. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், பேரிங்கில் ஆட்டமில்லை. படகு இல்லாமல் இரண்டு சக்கரமும் நேராகத்தான் நிற்கின்றன. இதற்குப் பட்டை ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் ஆக்சில். இரும்புக் குழாய்க்குள் ரப்பர், அதுதான் குலுக்கலைத் தாங்குகிறது. உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? ஓனருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை — திருஷ்டியாம்.

கேசியாவிடம் சொன்னேன். "வேலை போச்சுன்னா எங்க நைனாகிட்ட மட்டும் போய் நிக்காதீங்க." ஆறுதல் சொல்வதில் என் மனைவியை மிஞ்ச ஆளில்லை.

ஜூன் 13, வெள்ளி

திருஷ்டி பூஜை. படகை ஏற்றிவிட்டுப் பூசணிக்காய் சுற்றினார்கள். ஓனருக்குத் தொப்பை, குனிந்து உள்ளே தள்ள முடியாமல் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் வெளி ஓரத்தில்தான் வைக்க முடிந்தது. நான் வண்டியை நகர்த்தினேன். வலது பழம் கூழ். இடது பழம் லேசாகக் கன்னம் ஒட்டி, உருண்டு போய்ப் பூசாரி காலடியில் நின்றது.

அவர் சகுனம் சரியில்லை என்றார். நான் தரையில் படுத்துப் பார்த்தேன். பாரம் ஏறியதும் இடது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது, டயரின் வெளி ஓரம் தரையில் படவே இல்லை. பழத்தை எதை வைத்து நசுக்கும்?

ஜூன் 14, சனி

ஆக்சில் செய்த சென்னைக் கம்பெனிக்கு போட்டோ அனுப்பினேன். போனில் ஒரே கேள்வி: "ஆக்சில் இடது முனையில எப்பவாவது வெல்டிங் வெச்சீங்களா?"

வைத்தோமே! போன தசராவுக்கு ஓனர் தன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் நிறுத்த, வண்டியிலேயே கெட்டியான இரும்பு இதுதான் என்று, வெல்டர் சிரஞ்சீவியைக் கூப்பிட்டு ஆக்சிலின் இடது முனையில் பைப் ஒட்டவைத்தார். அந்தச் சூட்டில் ரப்பர் வெந்துவிட்டதாம். மாற்றுவதுதான் வழி.

இத்த எப்படி அவருகிட்ட சொல்றது? உங்க மூஞ்சியாலதான் சார் டயர் தேயுதுன்னா?

ஜூன் 16, திங்கள்

வெல்டிங் சூடு என்று மட்டும் சொன்னேன். ஓனர் தொடையில் தட்டினார். "நான் சொல்லலே? கண்ணு என் போட்டோ மேலதான் பட்டுகினு இருந்திருக்கு."

புது ஆக்சிலுக்கு ஆர்டர் போட்டாயிற்று. கிரண் ஓட்டும் பேச்சை ஓனர் எடுக்கவே இல்லை. தூங்கப் போகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

புது ஆக்சிலும் இரண்டு புது டயரும் மாட்டினோம். படகை ஏற்றி, நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் நேர். ஓனர் தோளில் தட்டி, "நீதான் ஓட்டணும்" என்றார். அதோடு, புது ஃப்ளெக்ஸில் அவர் பக்கத்தில் என் படமுமாம்! சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். கேசியா எங்கள் சர்ச் சபையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 5, சனி

சிரஞ்சீவி வெல்டிங் மிஷினோடு வந்தான். "ஃப்ளெக்ஸ் பைப்பைப் பழைய எடத்துலயே வெச்சிடலாண்ணா, அளவு ஞாபகம் இருக்குது."

நான் இடது சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து, ஆக்சிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"எந்திரி ஆசிரு, உன் மூஞ்சிக்காகத்தானே" என்றார் ஓனர்.

"என் மூஞ்சி வாணாம் சார். ஆக்சில் இருக்கட்டும்."

சிரஞ்சீவி போகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஃப்ளெக்ஸைப் படகின் மேல் கயிற்றால் கட்டியிருந்தோம். நேற்று மொகிலி கணவாய்க் காற்றில் கிழிந்தது. ஓனர் பாதி பத்திரமாக இருக்கிறது.

சபை முடிந்ததும் கேசியா படத்தைப் பார்க்க ஷெட்டுக்கே வந்துவிட்டாள். கிழிசலைப் பார்த்தாள். நான் அவளைக் குனியவைத்து டயர்களைக் காட்டினேன். இரண்டும் உள்ளும் வெளியும் ஒரே சீராக, லேசாகத்தான் தேய்ந்திருந்தன. கையால் தடவிக்கூடப் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்குது. இத்த நான் சபையில எப்படிங்க காட்டுவேன்?"