உச்சந்தலையில் தோல் இல்லாத இடம்

ஜூலை 8, செவ்வாய். திண்டிவனம்.
காலையிலிருந்து புழுக்கம். நேற்று பெண் குழந்தை. 2.7 கிலோ. உச்சந்தலையில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் இல்லை. சிவப்பாக, ஈரமாக, மேலே மெல்லிய சவ்வு மட்டும். ஏதாவது பட்டுவிட்டதா என்று கேட்டேன். டாக்டரம்மா: "இல்லம்மா, வயித்துலயே அந்த எடத்துல தோல் வளரல. அபூர்வமா வரும்." அடியில் எலும்பு இருக்கிறதா என்று விழுப்புரத்தில் ஸ்கேன் பார்க்கவேண்டும்.

இவருடைய அக்கா, கலா அண்ணி: "கிரகணத்துல வெளிய வந்தியா?"
வரவில்லை. ஆனால் மாத்திரை...

ஜூலை 10, வியாழன். விழுப்புரம்.
எலும்பு முழுசாக இருக்கிறது! தையல் வேண்டாம். தானாக மூடுமாம்.
- களிம்புத் துணி, தினம் மாற்றவேண்டும்
- காயவிடக் கூடாது
- எண்ணெய், மஞ்சள் கூடவே கூடாது
- ரத்தம், சீழ், காய்ச்சல் என்றால் உடனே வரவேண்டும்

தோல் டாக்டர் கேட்டார்: "மாசமா இருக்கறப்ப மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" பக்கத்தில் இவரும் அண்ணியும். "இல்ல சார்" என்றேன்.
பொய். கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தைராய்டு அதிகம். பெண் பார்க்க வந்தபோது அம்மா சொல்லவிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் மாத்திரையை ஒளித்து ஒளித்துத்தான் சாப்பிட்டேன்; நாள் தள்ளியது தெரியும்வரை, கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதமும். பிறகு, குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து நானே நிறுத்தினேன்.

ஜூலை 13, ஞாயிறு.
துணி ஒட்டிக்கொண்டது. ஒரு பொட்டு ரத்தம். இவர்தான் சலைன் விட்டு ஊறவைத்து எடுத்தார்.
அண்ணி கடலை எண்ணெயோடு வந்தார்: "மல்லாட்டை எண்ணெ ரெண்டு சொட்டு வெச்சா ஜல்தி ஆறிடும்."
இவர்: "டாக்டரு வேணாம்னாரு, நீ சும்மா இரு அக்கா."
கோபத்தில் அண்ணி தன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு இவரிடம் தைராய்டு, மாத்திரை எல்லாம் சொல்லிவிட்டேன்.
"எங்கிட்ட கூடவா மறைச்ச?" என்றார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய். மறுபடி விழுப்புரம்.
பஸ்ஸில் இவர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். விக்கிரவாண்டியில் தூறல். டாக்டரிடம் நானே சொன்னேன்.
"அதனாலயும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்களா நிறுத்துனது தப்பு. இன்னிக்கே தைராய்டு டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."
புண்ணின் ஓரத்தில் புதுத்தோல், வெங்காயச் சருகு போல. முடி மட்டும் அங்கே முளைக்காதாம்.
லேபில் கூட்டம். சீட்டு எழுதும் பெண் கேட்டாள்: "தைராய்டு எத்தினி வருசமா?"
நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவரே பதில் சொன்னார்: "அஞ்சு வருசமா இருக்குதும்மா. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."
சத்தமாகவே. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.