பதினோராவது வரியில் பூஜ்யம்

என் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். இங்கே நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, முழங்கால் மட்டும் மேடு ஏறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை நீ சின்னவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை நீ சும்மாதான் இருந்தாய், நான்தான் அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்கு வந்து சேர்வதற்குள் வளவளவென்று எழுதுவேன், உன் அம்மாவைப் போல நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

ஓடையையும் பறவைகளையும் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது, ரிட்டையர் ஆனவங்க சும்மா வாக்கிங் போவாங்க, நீங்க சம்பளத்துக்கு வாக்கிங் போறீங்களாப்பா என்று சிரித்தாய். அம்மா போனபிறகு நீ சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வேலையும் கிட்டத்தட்ட நீ சொன்ன மாதிரிதான். ஐம்பத்தெட்டு வயதில் அங்கே நான்தான் கடைசிப் படி, எனக்குக் கீழே அலுவலகத்துப் பூனை மட்டும்தான். எங்கள் தலைவி உன்னைவிட நாலு வயது சின்னவள். நான் அவளை மேடம் என்கிறேன், அவள் என்னை அங்கிள் என்கிறாள், யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடைக்குப் போவோம். அங்கே ஒன்பது இடங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பு நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பிலும் ஆழம் அளக்க வேண்டும், தண்ணீரின் சூடு பார்க்க வேண்டும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு உயரம் வரை அந்தப் புள்ளி தெரிகிறது என்று குறிக்க வேண்டும், கலங்கலின் அளவு அதுதான். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் தட்டி எண்ண வேண்டும். முப்பத்தோரு வருஷம் பிரஸ் மிஷினில் நூலளவு பிசகாமல் தகடு வெட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். வீட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பறவைக் கணக்குத்தான் கொஞ்சம் வேறு மாதிரி. ஒவ்வொரு கம்புப் பக்கத்திலும் பத்து நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். புதர் மண்டிய ஓடை என்பதால் பார்ப்பது கொஞ்சம், கேட்பதுதான் அதிகம். தாளில் இருபத்துமூன்று பறவைகளின் பெயர் வரிசையாக அச்சடித்திருக்கும். வந்தால் எண்ணிக்கை, வராவிட்டால் பூஜ்யம். நின்று கவனிக்கவே முடியாமல் மழையோ காற்றோ கெடுத்துவிட்டால் மட்டும் கோடு போட வேண்டும். பூஜ்யம் வேறு, கோடு வேறு என்று முதல் நாளே தலைவி சொல்லிக்கொடுத்தாள். புறா, மரங்கொத்தி, மீன்கொத்தி எல்லாம் ஒரே மாதத்தில் எனக்குப் பழக்கமாகிவிட்டன. பதினோராவது வரியில் இருப்பது மட்டும் கண்ணிலும் படவில்லை, காதிலும் விழவில்லை. கட்டைவிரல் அளவு பழுப்புக் குருவியாம், புதரை விட்டு வெளியே தலைகாட்டாதாம், குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் வாரம் தவறாமல் ஒன்பது இடத்திலும் அதற்கு அழகாக வட்டமாகப் பூஜ்யம் போட்டேன். பன்னிரண்டு வாரம் போட்டேன். போன மாதம் அலுவலகத்திலிருந்து போன அறிக்கையில் அந்தக் குருவி இந்த ஓடையை விட்டுப் போய்விட்டது என்று எழுதினார்கள். அடப் பாவமே, எங்கே போயிருக்கும் என்று நான்கூட இரண்டு நாள் வருத்தப்பட்டேன் பாப்பா.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பு உண்டு. இரண்டு பேர் ஒரே கம்பில் நின்று, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். போன செவ்வாய்க்கிழமை தலைவி என்னோடு நாலாவது கம்பில் நின்றாள். பத்து நிமிஷம் முடிந்து தாளைச் சேர்த்துப் பிடித்தோம். மற்ற வரியெல்லாம் ஒத்துப்போனது, பதினோராவது வரியில் அவள் தாளில் ஐந்து, என் தாளில் பூஜ்யம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நின்றுகொண்டே கண் அசந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அங்கிள், இப்பக்கூட கத்துது பாருங்க, அந்தப் புதர்ல என்று கை காட்டினாள். நான் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, தூரத்தில் லாரி போனது கேட்டது. அவள் தன் போனில் பதிந்து வைத்திருந்த அந்தக் குருவியின் குரலைப் போட்டு என் காதோடு வைத்தாள். திரையில் கோடு எகிறி எகிறிக் குதித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனை இறக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அன்று மத்தியானமே காது டாக்டரிடம் அனுப்பிவிட்டாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பேச்சு, வண்டிச் சத்தம், கதவு தட்டுவது எல்லாம் ஓரளவுக்குக் கேட்குமாம், கீச்சென்று மெல்லிசாக வருகிற சத்தம் மட்டும் என் காதில் ஏறவே ஏறாதாம். பெரிய மிஷின் சத்தத்துல வேலை பார்த்தீங்களா என்று அவரே கேட்டார். பல வருஷமா இப்படித்தான் இருந்திருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தக் குருவியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அம்மாவின் மணி ஞாபகம் வந்தது. நம் நிறுத்தம் தாண்டிப்போனதுகூடத் தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

படுத்த படுக்கையாக இருந்த அம்மா ஆளைக் கூப்பிடுவதற்கென்று நீ அனுப்பிய மணியைச் சொல்கிறேன். பொத்தான் அம்மா தலையணைப் பக்கம், மணி சமையலறைச் சுவரில். விளக்கு கிளக்கு எதுவும் இல்லாத சின்ன மாடல், சீக்கிரம் வந்து சேருமே என்று நீ அவசரத்தில் எடுத்தது. அதில் எட்டு விதமான சத்தம் இருந்தது. மத்ததெல்லாம் பஸ் ஹாரன் மாதிரி இருக்கு, தூக்கிவாரிப் போடுது என்று அம்மாதான் ஒரு மெல்லிசுக் கீச்சுக் குரலை வைக்கச் சொன்னாளாம். நான் அப்போது தொழிற்சாலையில். பகலெல்லாம் நர்சம்மா இருப்பார், ராத்திரி நான் அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன், அதனால் அந்த மணிக்கு நான் ஓட வேண்டிய தேவையே வந்ததில்லை. ரிட்டையர் ஆகி வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதத்திலும் நர்சம்மா திடீரென்று எழுந்து உள்ளே போவார், மணி அடித்திருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன். என் காதில் விழுந்ததா இல்லையா என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை நர்சம்மா லீவு. அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, துடைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிவிட்டு வரேன் என்று சமையலறைக்குப் போனேன். அரைமணி நேரம் கழித்துப் போனால் அம்மா இல்லை. பொத்தான் கையில் இருந்தது. அன்று சாயங்காலம் யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான்தான் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மணி கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். உன்னிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன், நீ அனுப்பின மணி அடிக்கலம்மா என்று.

போன செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடமிருந்து வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பீரோவைத் திறந்து அந்த மணியை எடுத்துச் சுவரில் செருகினேன். அழுத்தினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து மறுபடி அழுத்தினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஐயோ, காதைக் கிழிக்குது, நிறுத்துங்க என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். அன்னிக்குக் காலைல இது விட்டு விட்டு அடிச்சுதுண்ணே, நாலஞ்சு தடவை இருக்கும், நீங்க பாத்திரம் தேய்க்கிற சத்தமும் கேட்டுச்சு, வீட்லதானே இருக்கீங்கன்னு நான் பாட்டுக்குத் தைச்சுட்டு இருந்துட்டேன் என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே பாப்பா, நீ அனுப்பிய மணி நல்ல மணி. அது அடித்தது. அம்மா கூப்பிட்டாள், நாலைந்து தடவை கூப்பிட்டாள், அந்த மணிக்கு நேர் கீழே நின்று நான் கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும், பக்கத்தில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று அம்மாவைப் பார்த்த டாக்டர் அன்றைக்கே சொன்னார். அதைச் சொல்லி என்னைத் தேற்றாதே. காப்பாற்ற முடியாமல் போகட்டும், கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன் இல்லையா. முப்பத்துநாலு வருஷத்தில் அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை, கோபத்தில் இருக்கும்போதுகூட என்னடி என்று கேட்டுக்கொண்டாவது போவேன். கடைசியில் மனுஷன் வரவே இல்லையே என்று நினைத்திருப்பாளோ என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளை போன வாரம் எனக்குத் தனியாகப் போன் செய்தார். அவர் மேல் கோபப்படாதே. அவசரப்பட்டு மட்டமான மணியை வாங்கி அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று ஏழு மாதமாக நீ சொல்லிச் சொல்லி மாய்கிறாயாம், சின்னவளுக்குப் பால் கொடுக்கும்போதும் அழுகிறாயாம். அவர் பேசியது திங்கட்கிழமை, நான் ஓடையில் நின்றது செவ்வாய்க்கிழமை. பிரசவம் ஆகி பன்னிரண்டாம் நாள், வர முடியாமல் அங்கே கிடந்த பிள்ளையின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றி வைத்தது நான்தான். தெரியாமல் ஏற்றினேன். ஆனாலும் ஏற்றினேன். அலுவலகத்தில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு நூற்றெட்டுப் பூஜ்யம், இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து, பக்கத்தில் கவனிக்க முடியவில்லை என்கிற அந்தக் கோட்டைப் போட்டு, எழுதியவருக்குக் காது கேட்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குருவி எங்கேயும் போகவில்லையாம், தலைவி மறுபடி சுற்றிப் பார்த்து முப்பத்தேழு எண்ணியிருக்கிறாள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, இனிமேல் கல்லும் தட்டும் கண்ணாடிக் குழாயும் மட்டும். உன்னிடம் நான் சொன்னதையும் இந்தக் கடிதத்தில் அப்படி அடித்து எழுதியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று உடனே கேட்க மாட்டேன், அது உன் இஷ்டம், நாளானாலும் பரவாயில்லை. நீ உன்னை விட்டுவிடு, அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பால் கொடுக்கிற உடம்பு, பட்டினி போடாதே. சின்னவளுக்குப் பல் வரும் சமயம், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுவாள், கவனமாக இரு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், மனதில் குறையில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், எனக்கு மிச்சமிருக்கிற ஆயுசும் உங்களுக்கே வரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மணி கெட்டுவிட்டது என்று நான் சொன்ன அன்று, போனில் உன் பக்கம் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டு, லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். நீ அப்போது அழுதுகொண்டிருந்தாய் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அழும்போது குரல் மெலிந்துவிடும், அது என் காதுக்கு வராது. இதைப் படித்துவிட்டு நீ போன் செய்வாய். அழாதே என்று சொல்ல மாட்டேன். என்னைத் திட்டிக்கொண்டே உரக்க அழு பாப்பா, எனக்குக் கேட்கும்படி அழு. நான் போனை வைக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா