வயலில் சொல்லக்கூடாத சொல்

1984 ஜனவரி 11, புதன்

இன்றும் வரைபடத்தின் முன் நின்று அம்பாறையை வயிற்றால் மறைத்துவிட்டேன். முடிந்ததும் தயாரிப்பாளர், "றஸாக், நாட்டுக்குக் கிழக்கு எண்டு ஒண்டு இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். தொலைக்காட்சியில் தமிழில் வானிலை வாசிக்க வந்து எட்டு மாதம். தினமும் இரண்டு நிமிடப் புகழ். மிச்ச நேரமெல்லாம் கொழும்பு அறையில் சட்டை தோய்க்கிறேன்.

ஜனவரி 18, புதன்

"கிழக்கில் மழை இராது." புதுச் சட்டையோடு, கம்பீரமாக வாசித்தேன்.

ஜனவரி 23, திங்கள்

'அன்புள்ள காக்கா' என்று தங்கச்சி சபூறாவின் கடிதம். எங்கள் ஊர் கல்முனைக்குடியில் குவைத்திலிருந்து வந்த ஒரே டீவி மஜீட் வீட்டில். அங்கே அரை ஊர் கூடி என்னைப் பார்த்ததாம். நான் சொன்னதை நம்பி மீனைக் காயப்போட்டார்களாம். மறுநாள் ஊற்றியதாம். "பாத்தும்மா மாமி உங்களத் தேடுறா காக்கா. நாறின கருவாட்டோட." வாப்பா எழும்பி வயலுக்குப் போய்விட்டாராம். அதுதான் பயம். அவர் ஒருதரம் என் சொல்லை நம்பினால் போதும் எனக்கு. வேறு பதக்கம் வேண்டாம்.

பெப்ரவரி 15, புதன்

ஒரு கிழமை லீவில் ஊர். வயலில் நெல் வெட்டு நடக்கிறது. வெட்டுத் தொடங்கி நெல் வீடு சேரும்வரை வயல் விசயத்தில் யாரும் மழை என்ற சொல்லை எடுக்கக்கூடாது, எடுத்தால் வந்துவிடும் என்பது வாப்பாவின் சட்டம். என்னைக் கண்டதும், "ஒன்ட தொழிலே அந்தச் சொல்லுத்தான். வயல் பக்கம் வராத மகன்" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பெப்ரவரி 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து தபால் கந்தோரிலிருந்து வானிலை நிலையத்து நல்லரெத்தினத்துக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். வங்கக் கடலில் தாழமுக்கமாம். நாளை மத்தியானம் கிழக்கில் கனமழையாம். சொறிக்கல்முனைப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் நெல்லும் வெட்டி, கட்டாத அரியாக, உப்பட்டியாகப் பரந்து கிடக்கிறது. ஞாயிறுதான் கட்டி, மேட்டில் போராக அடுக்கிச் சூடு வைப்பார்கள். அதற்குள் நனைந்தால் அப்படியே முளைத்துவிடும்.

"வாப்பா, நாளைக்கு—"

"வாயப் பொத்து."

நாடு முழுக்கச் சொல்லலாம், பெற்றவருக்குச் சொல்ல ஏலாது. என்ன தொழில் இது?

பெப்ரவரி 18, சனி

சுபஹ் தொழுதுவிட்டு, சொல்லாமல் வயலுக்குப் போனேன். வானம் கழுவிய பீங்கான் போல் இருந்தது. உப்பட்டியைக் கட்டித் தலையில் வைத்து மேட்டுக்குச் சுமந்தேன். இன்னொரு கட்டு. வெட்டுக்காரர்களின் தலைவர் சின்னப்போடி, "டீவிக்காரத் தம்பிக்கு என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

வாப்பா வந்தார். "ஏன் மகன்?"

அடுத்த கட்டைத் தூக்கினேன். அவர் வானத்தைப் பார்த்தார். என் கழுத்தில் ஒட்டிய வைக்கோலைப் பார்த்தார். சாரனை மடித்துக் கட்டினார். "சின்னப்போடி, எல்லாரையும் கூப்பிடு. இண்டைக்கே சூடு வைப்பம்."

மத்தியான ளுஹருக்குப் பிறகும் சுமந்தோம். பின்னேரம் அஸருக்குள் கதிர்க்கட்டுகள் வீட்டுயரம் ஏறின, மேலே வைக்கோலும் வேய்ந்தாயிற்று. மத்தியானம் என்றாரே நல்லரெத்தினம்! ஒரு முகில்கூட இல்லை. வெட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். யா அல்லாஹ், இண்டைக்கு மட்டும் என்னக் கைவிட்டுராத, பாத்தும்மா மாமியே போதும் எனக்கு.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது முதல் துளி. வாப்பா தன் கோப்பைத் தேத்தண்ணியை என் கையில் தந்தார்.

பெப்ரவரி 19, ஞாயிறு

விடாத மழை. சுற்றிலும் எத்தனையோ வயலில் உப்பட்டி மிதக்கிறது. பாவம். கேட்க வந்தவர்களிடமெல்லாம் வாப்பா, "அவன் ஒண்டும் சொல்லல்ல. வாயே திறக்கல்ல" என்கிறார். என்னைப் பற்றி இவ்வளவு பெருமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மே 28, திங்கள்

கொழும்பு. இன்று முழு அம்பாறையும் தெரிந்ததாகத் தயாரிப்பாளர் சொன்னார்.

வாப்பாவிடமிருந்து கடிதம், அவர் கையெழுத்திலேயே. "சிறுபோகம் விதைச்சாச்சி. ஆவணியில வெட்டு. வேலை கூடவா இருந்தா பெருநாளைக்கு வராட்டியும் காரியமில்ல. வெட்டுக்குக் கட்டாயம் வா. கதைக்கத் தேவல்ல, வந்து வரம்புல நில்லு."

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.