எடுத்தபடியே ஒப்படைத்த வீடு

வியாழக்கிழமை

என் அன்புக் கணவர் ஜெகதீபனுக்கு,

மாதாவின் காவலில் நானும் மகளும் சுகம். கட்டாரில் வெயில் ஏறிவிட்டதாம். வேலைத்தளத்தில் தண்ணீரை மறக்காமல் குடியுங்கள். மகளின் இருமல் இப்போது பரவாயில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்லுமுன்பே நீங்கள் “சரி, விடு அகஸ்ரினா” என்றுவிடுவீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால்தான் ஞாயிறு தொடக்கம் போனை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். லீவு முடிந்து உங்கள் வேலைத்தளத்துக்குத் திரும்புகிற டிலோஜன் கொண்டுவந்து தருவான். அதற்கு முன்பே உங்கள் அக்கா லூசியா உங்களிடம் அழுது தீர்த்திருப்பார். அவர் சொல்வது அவ்வளவும் உண்மை. நான்தான் செய்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

நீங்கள் வெளிநாடு போனபோது, சும்மா பூட்டிக் கிடந்த தோட்டவெளி வீட்டை அக்கா நமக்கு வாடகைக்குத் தந்தார். தம்பியின் மனைவி என்றும் பாராமல் என்னை நொத்தாரிசிடம் கூட்டிப்போய் ஒப்பந்தம் எழுதுவித்தார். வீட்டை எந்த நிலையில் எடுத்தோமோ அந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை அவரே சொல்லிச் சேர்த்தார். “சுவரிலை ஒரு ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ற் பூசக்கூடாது, என்ரை வீடு எடுத்தபடியே என்ரை கைக்கு வரோணும்” என்று வாயாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வைத்தேன்.

அது என்ன வீடு என்று உங்களுக்கும் தெரியும். கடற்கரை மணலைக் கழுவாமல் அள்ளிப் பூசிய சுவர். மாரி வந்தால் உவர் பூக்கும், கை பட்டால் மா மாதிரிக் கொட்டும். காலையில் மகளின் தலையணையைத் தட்டினால் ஒரு பிடி மணல் விழும். பிள்ளை இருமுகிறாள் என்று அக்காவிடம் சொன்னேன். யன்னலைத் திறந்து வை என்றார். அவ்வளவுதான்.

பிறகுதான் பஸாரில் அஸாம் நானாவின் கடையில் சுவரில் ஒட்டுகிற அந்த ஸ்டிக்கர் பேப்பரைக் கண்டேன். “தங்கச்சி, ஒட்டுறதும் லேசு, உரிக்கிறதும் லேசு, வாடகை வீட்டுக்கெண்டே வாற மலிவுச் சாமான்” என்றார். உதிர்கிற இடத்தைச் சுரண்டி, மெல்லிய பசை ஒரு கை பூசி, காயவிட்டு ஒட்டச் சொன்னார். முதல் தாள் கோணிப் போனது. ஐயோ, முகத்தில் கொப்புளம் வந்தது போலக் குமிழி! தையல் ஊசியால் குத்தி, அடிமட்டத்தால் இழுத்துக் காற்றை எடுத்தேன். கட்டம் போட்ட துணியைத் தைக்கிறவளுக்கு ஒரு தாளின் கோட்டை மற்றத் தாளோடு பொருத்தத் தெரியாதா? தை மாதம் முழுக்க, தைத்து முடிந்த நேரமெல்லாம் இதே வேலைதான். ஹோலுக்கு வெள்ளைச் செங்கல், குசினிக்கு நீலப்பூ ஓடு, மகளின் அறைக்குப் பச்சைத் தாளில் பறக்கிற குருவிகள். பல்லிளித்த அலுமாரிக் கதவுக்குக்கூடத் தேக்கு நிறம் ஒட்டினேன். தலையணையில் மணல் நின்றது. பிள்ளை இருமாமல் படுத்தாள்.

உங்களுக்கு வீடியோவில் ஒவ்வொரு சுவராகக் காட்டினேன். நல்ல வடிவு என்றீர்கள். அக்காவையும் கூப்பிட்டுக் காட்டு என்று சொன்னவரும் நீங்கள்தான்.

காட்டினேன். அக்கா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த கிழமை ஓலைத்தொடுவாயிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். யாரோ உறவு என்று நினைத்து, நான் மடைச்சி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். “மகளுக்கெண்டு பார்த்துப் பார்த்துச் செய்விச்சனான்” என்று அவர்களிடம் என் கண் முன்னாலேயே சொன்னார். தன் மகள் பிரஷாந்திக்குச் சம்பந்தம் பேசி, அந்த வீட்டைச் சீதனமாக எழுதப் போகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளையின் தாயும் சித்தியும் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள்!

இரண்டு நாள் கழித்து, மாத முடிவுக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். அதோடு விட்டாரா? “பேப்பரிலை கை வைச்சுப்போடாதை, சுவரிலை ஒட்டினது சுவருக்குச் சொந்தம்” என்றார்.

உடனே உங்களுக்குப் போன் எடுத்தேன். “அப்படியா?” என்று கேட்டீர்கள். அக்காவோடு கதைக்கிறேன் என்றீர்கள். மறுநாள், அக்காதானே, விட்டுக்கொடு என்றீர்கள். அப்போதும் நான் உங்களைக் குறை நினைக்கவில்லை. பள்ளிக்கூடத் தவணை முடியும்வரையாவது இருக்க விடுங்கோ மச்சாள் என்று கேட்கப் போனேன். அவர் சிரித்தார். “தம்பிக்கு நான் மார்கழியிலேயே சொல்லிப்போட்டன், அவன் ஓம் எண்டவன், உனக்குச் சொல்லேல்லையோ?” என்றார்.

மார்கழி! தையில் நான் கதிரையின் மேல் ஸ்டூலை வைத்து ஏறி நின்று குருவி ஒட்டிக்கொண்டிருந்தேன். எழும்ப வேண்டிய வீடு என்று தெரிந்துகொண்டே போனுக்குள் இருந்து பார்த்து, நல்ல வடிவு என்று சொன்னீர்களே! அக்கா என்னை வீட்டிலிருந்துதான் எழுப்பினார். நீங்கள் என்னை விசரி ஆக்கினீர்கள். அன்றைக்கு நான் அழவில்லை. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. நான் சனிக்கிழமை காலை தொடங்கினேன். அஸாம் நானா பொய் சொல்லவில்லை. மூலையில் நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தால் முழுத் தாளும் வருகிறது. பூச்சும் கூடவே வந்தது. செங்கல்லை உரித்தேன், நீலப்பூவை உரித்தேன், குருவிகளை உரித்தேன். யன்னல் சீலைகளையும் கழற்றி, வெளிச்சம் நன்றாக விழும்படி கதவெல்லாம் திறந்து வைத்தேன். கீழே கொட்டிய மணலைக் கூட்டவில்லை. அது அக்காவின் மணல், எனக்கு எதற்கு?

அக்காவுக்குச் சனி முழுக்கச் சமையல், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு கோயிலிலிருந்து நேரே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை நாற்பது வருட மேசன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். சுவரைச் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “கடல் மண்” என்றார். அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் ஒப்பந்தத்தையும் வீட்டுத் திறப்பையும் அவர் கையில் வைத்து, “எடுத்தபடியே ஒப்படைக்கிறன் மச்சாள், வாசிச்சுப் பாருங்கோ” என்றேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் எனக்கு வாயெல்லாம் இனித்தது. இப்போதும் இனிக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்வதாக இல்லை.

சம்பந்தம் முறியவில்லை, பயப்படாதீர்கள். சுவரெல்லாம் கல்லுத் தெரியக் கொத்தி, ஆற்று மணலில் திரும்பப் பூசிய பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். பிரஷாந்தியை நினைத்தபோது மட்டும் மனம் சுட்டது. பின்னேரம் நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். “மாமி, சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு பக்கம் உரிச்சிருப்பன், அம்மாவின்ரை பொய்க்குள்ளை போய் நான் எப்பிடிக் குடியிருக்கிறது?” என்றாள். அவளுக்கு நல்ல வாழ்வு கிடைக்கட்டும். உங்கள் அக்காவுக்கு அப்படி ஒன்றும் நான் கேட்கமாட்டேன்.

உங்கள் கணக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது.

நானும் மகளும் திங்கட்கிழமை உயிலங்குளத்துக்கு வந்துவிட்டோம். எந்த வளவு, யாருடைய வீடு என்று எழுதவில்லை. உங்கள் அக்காவுக்கும் தெரியாது, டிலோஜனுக்கும் தெரியாது. போனைத் திறந்த பிறகும் சொல்லமாட்டேன். லீவு கேளுங்கள். வந்து சந்தியில் இறங்கி, தைக்கிற அகஸ்ரினாவின் வீடு எது என்று தெருவில் போகிறவர்களிடம் கேளுங்கள். பெண்சாதி பிள்ளை இருக்கும் வீட்டை ஊராரிடம் கேட்டு அறிகிற வெட்கத்தை நீங்களும் ஒரு நாள் படுங்கள். பட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

மடு மாதா உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்க்கட்டும். அப்பா எங்கே என்று மகள் தினமும் கேட்கிறாள். வெளிக்கிட்டுவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு முன்னால் என்னைப் பொய்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி
அகஸ்ரினா