ஐந்தின் தலையில் மூன்று

11 மார்ச் 1985, திங்கள்

புரோகிராமை மடலுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி பழகுகிறவர்கள் சென்னையிலிருந்து மாதாமாதம் சைக்ளோஸ்டைல் செய்து அனுப்பும் மடல் அது. எட்டே பக்கம். ஆம்பூரிலிருந்து யாரும் எழுதிப் பார்த்ததில்லை. என்னுடையது பன்னிரண்டு வரி. ஒரு கட்டுத் தோல் மொத்தம் எத்தனை சதுர அடி என்று கூட்டிச் சொல்லும்.

எங்கள் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் செருப்பு போடக்கூடாது. வெறுங்காலோடு உட்கார்ந்துதான் எழுதினேன்.

தோலில் ஐந்தே முக்கால் அடி என்பதை 5 போட்டு, தலையில் சின்னதாக 3 போடுவார்கள். கால் அடி மூன்று என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் தலையில் போட முடியாதே, அதனால் 5.3 என்று அடிக்கிறேன். அளவு மெஷினில் நிற்கும் மஹ்பூபி இதையெல்லாம் வாயாலேயே கூட்டுவாள். "சின்ன நம்பர தனியா கூட்டு. நாலு சேந்தா ஒரு அடி மேல ஏத்து. அவ்ளோதான்." ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

12 ஏப்ரல், வெள்ளி

மடல் வந்தது. ஆறாம் பக்கத்தில் என் பெயர்! கமலவேணி, ஆம்பூர்.

அதற்குக் கீழே எட்டு வரிதான் இருக்கிறது. எண்ணினேன். திரும்ப எண்ணினேன். நாலுக்கு ஒன்று ஏற்றும் நான்கு வரியையும் வெட்டிவிட்டார்கள்! ஆசிரியர் பரந்தாமன் குறிப்பு வேறு: "சகோதரி கூட்டலைச் சுற்றி வளைத்திருக்கிறார். சமையலறைப் பழக்கம் போலும். சுருக்கியிருக்கிறோம்."

இன்னா திமிர் இந்த ஆளுக்கு! 5.3ம் 5.2ம் கூட்டினால் இப்போது 10.5 என்று வருகிறது. வர வேண்டியது 11.1, பதினொன்றே கால். இந்தத் தப்பு என் பெயரில் ஊர் ஊராய்ப் போகிறது. எனக்குக் கூட்டல் தெரியாதாம்!

15 ஏப்ரல், திங்கள்

மேனேஜர் லோகநாதன் சாரிடம் காட்டினேன். "பேரு வந்துச்சில்லம்மா, வுட்டுடு" என்றார். பெயர் வந்ததுதான் சார் பேஜாரே.

நாலு பக்கம் கடிதம் எழுதினேன்.

3 மே

பதில் ஒரு கார்டு. "புள்ளி மூன்று என்றால் பத்தில் மூன்று. தசமம் படிக்கவும்."

படிக்கவுமாம்.

5 மே

இன்னொரு கடிதம். பதில் வராது, தெரியும்.

9 ஜூன், ஞாயிறு

மெட்ராஸ் போய் வந்தேன். மடல்காரர்களின் மாதக் கூட்டம். பையில் இரண்டு ஆட்டுத்தோல் எடுத்துப் போனேன். பரந்தாமன் கண்ணாடி போட்ட, சிரித்த முகக்காரர். அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

தோல் இரண்டையும் மேஜை மேல் விரித்தேன். "ஒண்ணு அஞ்சே முக்கால், ஒண்ணு அஞ்சரை. உங்க புரோகிராம் பத்து, தலையில அஞ்சுன்னு சொல்லுது. நாலு கால் சேந்தாலே ஒரு அடி ஆயிடும். தலையில அஞ்சு போட்ட தோல் ஒண்ணு, ஆம்பூர் முழுக்கத் தேடிக் கொண்டாங்க சார்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை.

அவர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த இதழ்ல போட்டுடறோம்மா" என்றார். மன்னிப்பு? அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

12 ஜூலை, வெள்ளி

பன்னிரண்டு வரியும் வந்துவிட்டது. கடைசியில்: "பிழையைக் கண்டறிந்து திருத்தியவர்: ஆசிரியர்."

தப்பு செய்தவரே திருத்தியவராம்! நான் ரயிலேறிப் போனது, தோல் சுமந்தது, எதுவும் இல்லை. அடுத்தவள் உழைப்பைத் தூக்கித் தன் பெயரில் வைத்துக்கொள்ள எப்படி மனசு வருகிறது?

13 ஜூலை, சனி

மடலை எடுத்துக்கொண்டு அளவு மெஷினுக்குப் போனேன். மஹ்பூபியிடம் வரி வரியாகக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டாள். "இந்த நாலு வரிதான் அந்தாளு வெட்டுனது" என்றேன்.

"நாலு சேந்தா மேல ஏத்துறதா? அது நான் சொன்னதாச்சே" என்றாள். தாளை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "என் பேரு எந்த வரில இருக்குது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அடுத்த தோலை மெஷினில் விட்டாள்.

ஏப்ரலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேனே, அவள் பெயரும் வர வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

15 ஜூலை, திங்கள்

காலையில் முதல் வேலையாக, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவளையே கேட்டேன். "எம். போட்டுடு, எங்க வாப்பா பேரு முனீர்" என்றாள். கார்டில் இப்படி எழுதிப் போட்டேன்:

"ஆசிரியருக்கு. அந்தப் புரோகிராமில் இன்னொரு பிழை இருக்கிறது. நாலுக்கு ஒன்று ஏற்றும் வழியைச் சொன்னவர் எம். மஹ்பூபி, அளவு மெஷின், ஆம்பூர். அவர் பெயரை விட்டது நான். திருத்தியவர் என்று இந்த முறை யார் பெயரும் வேண்டாம்."