தோளில் மிச்சமிருக்கும் கை

ஜூன் 9, திங்கள்
காலை முதல் மழை. ஜூபிலிக்காக நான் எழுதும் கன்வென்ஷன் வரலாறு, மூன்றாம் அத்தியாயம். இந்தப் பக்கத்து பாப்டிஸ்ட் சபைகள் ஒன்றுசேர்ந்த கதை. சேர்ந்ததற்கு அரைப் பக்கம் போதும். பிரிந்ததற்குப் பழைய தீர்மானப் புத்தகம் முழுக்க.

அதில் சுவிசேஷகர் ஞானாபரணத்தின் நீக்கம். எழுத்து அப்பாவுடையது, அன்று அவர்தான் செயலாளர். குற்றம்: சாகக் கிடந்த பெண்ணை பாப்டிஸ்ட் முறைப்படி தண்ணீரில் முழுக்க முக்காமல், தலையில் மூன்று கை வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தது. 'நீர் தலையை மூடவில்லை.' அடிக்கோடு வேறு.

அந்தப் பெண் அப்பாவின் தங்கை. ஞா.வைக் கெஞ்சிக் கூட்டி வந்தவரும் அப்பாதான். அம்மா சொல்லியிருக்கிறாள். தீர்மானத்தில் இரண்டும் இல்லை.

வாங்க: நீல மை, இருமல் மருந்து, குடைக்கு ஒரு கம்பி.

ஜூன் 12, வியாழன்
கொஞ்சம் வெயில். கன்வென்ஷன் தலைவர் வந்தார். "ஞானாபரணத்துக்க சங்கதி வேண்டாம் மக்கா. இது ஜூபிலி புக்காக்கும், கேஸ் கட்டு இல்ல." பழைய குழுப் படத்திலிருந்தும் அவரை எடுத்துவிட அச்சகத்தில் சொல்லியாயிற்றாம். கர்த்தரின் வேலை துரிதம்.

மதியம் ஞா.வின் மகள் சுகந்தி டீச்சர். அமரவிளையிலிருந்து பஸ்ஸில்.

"எங்க அப்பாவுக்க பேரு உண்டா சாரே?"

"பாக்கலாம் டீச்சர்."

"சபையில திரும்பச் சேக்கச் சொல்லிக் கேட்டப்பம் உங்க அப்பாவும் அப்பிடித்தான் சொன்னாரு. எங்கம்ம அதக் கேட்டுக் கேட்டே செத்தா."

கட்டன்சாயா ஆறிப்போனது. அவர் தொடவில்லை.

ஜூன் 14, சனி
மழை. பாறசாலை அச்சகம். ஏழு பேர் நின்ற படத்தில் ஞா. இருந்த இடத்தில் குரோட்டன்ஸ் செடி. நல்ல செழிப்பு. ஆனால் பக்கத்தில் நிற்கும் அப்பாவின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம். சுண்டுவிரல் இல்லாத கை. ஞா.வுடையது. தண்ணீர் வார்த்த கை.

"அய்யோ சாரே, அது விட்டுப்போச்சு. இப்பம் அழிச்சுத் தாறேன்," என்றார் டிசைனர் பிஜு.

"கெடக்கட்டு."

"தலைவரு கண்டா ஏசுவாரு."

"அவரு அவருக்க படத்த மட்டுந்தான் பாப்பாரு."

அப்பா நிமிர்ந்து நிற்கிறார். கையைத் தட்டிவிடவில்லை. பார்க்கப் பார்க்க என் தோள் கனத்தது. வாயுப் பிடிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

படத்தின் கீழே பெயர்கள் போடுவது என் வேலை. இடமிருந்து வலமாக. செடி நீங்கலாக ஆறு பேர். ஏழு பெயர் எழுதி, அச்சடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.