தப்பான பக்கம் சுருண்ட நத்தை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகம்தான். அந்தக் கடற்கரையில் நீயும் உன் நத்தைகளும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்காக மரக்கட்டையில் நத்தையைச் செதுக்கி, கீழே அளவுகளை ஈய எழுத்தில் கோத்து, அறுபது தாள் அச்சடித்துக் காயவைத்து, உன் பேராசிரியரிடம் நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். ஓட்டின் வரிகள் புகைப்படத்தில் தெளிவாக இல்லை, உங்கள் உளிதான் காட்டும் என்று நீ சொன்ன பெருமையில் மிதந்துகொண்டே போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "லட்சத்துல ஒண்ணு கெடைக்கிற நத்தைய ஒரே நாள்ல அறுபது புடிச்சுட்டீங்களே ஐயா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். வலப்பக்கம் சுருள வேண்டியது இடப்பக்கம் சுருண்டிருக்கிறது. கட்டையில் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும், அச்சகத்தில் முதல் நாள் பாடமே அதுதான். நாற்பது வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன், உன் படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிவைத்திருக்கிறேன். ஈய எழுத்து திருப்பி வார்த்தே வருவது, அதெல்லாம் சரியாக விழுந்ததால் சந்தேகமே வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார், எனக்கு ஆறவில்லை.

உன் அம்மா இருந்தவரை, முதல் தாள் போடுமுன் கட்டைக்கு எதிரே முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து "சரி, போடுங்க" என்றால்தான் மெஷின் சுற்றும். சில நாள் பார்க்காமலேயே சொல்வாள், அது வேறு விஷயம். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, இந்த முறை நானே சரி என்று சொல்லிக்கொண்டு மையைத் தடவிவிட்டேன். இடப்பக்கம் சுருண்டு பிறந்த நத்தைக்கு மற்றவற்றோடு ஜோடி சேர வராதாம், கூட்டத்துக்கு நடுவிலேயே தனியாகக் கிடக்குமாம், பேராசிரியர் சொன்னார். உனக்குத் தெரிந்ததுதான். அதைக் கேட்டுவிட்டு வீடு வந்தேன், அங்கே யாரிடம் சொல்வது.

பயப்படாதே, புதுக் கட்டை வெட்டியாகிவிட்டது, திருப்பித்தான். கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துவிட்டேன், வெள்ளிக்கிழமை அச்சேறும். பழைய தாள் ஒன்றுகூடப் புத்தகத்துக்குள் போய்விடக் கூடாது, ஏழு வருட உழைப்பை அப்பன் கெடுத்தான் என்று ஆகிவிடும், நீயும் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல். ஈரக் காலோடு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. உன் உழைப்புக்குப் பெயர் கிடைக்கட்டும், நீ நன்றாக இரு.

போன வாரம் போனில், தனியாகச் சமாளித்துக்கொள்வீர்களா என்று கேட்டாய். எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன் என்றேன். அது பொய் கண்ணு. இருக்க முடியவில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா